ஓவர்ஹால் முடிந்த காடி (கார்) நீலப்புகை விட்டால்: என்ஜினை மறுபடி இறக்கும் முன் செய்ய வேண்டியவை

ரீபோர் அடித்து (சிலிண்டர் துளையான போரைக் கடைந்து பெரிதாக்கி), புது பிஸ்டனும் அதைச் சுற்றிய ரிங்கும் போட்டு, ஹெட் வேலையும் முடிந்து என்ஜின் காடியில் ஏறிவிட்டது. ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப்புகை. ஃபோர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். "ஓடட்டும் தம்பி, போகப் போகச் சரியாயிடும்" என்பார். இல்லையென்றால், "இறக்கிப் பார்த்தாதான் தெரியும்" என்பார். இரண்டுமே சில சமயம் சரிதான். எந்தப் பதில் உங்கள் காடிக்குப் பொருந்தும் என்பதை இறக்காமலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு வாரமும் சில எளிய கருவிகளும் போதும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரீபோர் கடை ஈப்போவில், என்ஜின் கோத்தவர் உள்ளூரில், டர்போ வாங்கியது வேறொரு ஹாஃப்கட் கடையில் (பழைய காடியின் வெட்டிய முன்பாதியை விற்கும் கடை). காரணம் தெரியாமல் இறக்கினால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார், கூலி இரண்டாம் முறையும் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

கீழே உள்ள அளவுகள் புரோட்டான் வீரா, சத்ரியா, புத்ரா காடிகளில் மாற்றிப் போடும் மிட்சுபிஷி 4ஜி93 டர்போ என்ஜினை வைத்துச் சொன்னவை: போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 89 மி.மீ., 1,834 சிசி. வேறு என்ஜின் என்றால் அளவு மாறும், முறை மாறாது.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

ஸ்பானரைத் தொடும் முன் ஒரு கோப்பு போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

ரீபோர் கடை ரசீது. "ரீபோர் 4 போர்" என்று ஒரே வரி இருந்தால் போதாது. எத்தனை ஓவர்சைஸ் (மூல அளவை விட எவ்வளவு பெரிது), ஒவ்வொரு போரின் இறுதி அளவு என்ன, பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். பல கடைகள் அளந்து வைத்திருக்கும், கேட்டால்தான் தரும்.

பிஸ்டன், ரிங் பெட்டிகள். குப்பையில் போடாதீர்கள். ரிங் பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தாளில்தான் எந்த ரிங்கின் எந்தக் குறி மேலே வர வேண்டும் என்று இருக்கும். பின்னால் சண்டை வந்தால் உங்களுக்குச் சாட்சி அந்தத் தாள்தான்.

ஹெட் வேலை ரசீது. வால்வ் சீல் (வால்வ் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) மாற்றினார்களா, கைடு (அந்தத் தண்டு ஓடும் குழல்) மாற்றினார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். "ஹெட் சர்வீஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் கைடு மாற்றியிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றிய ஆயிலின் வகை, அளவு, முதல் ஸ்டார்ட்டின் போது ஓடோமீட்டரில் இருந்த எண் ஆகிய மூன்றையும் இன்றே எழுதிவிடுங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று வாயால் சொன்னதையும் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2. நிறமும் மணமும்

நீலம் கலந்த சாம்பல் நிறம், கருகிய எண்ணெய் வாடை: ஆயில் எரிகிறது. கறுப்பு: பெட்ரோல் அதிகம். வெள்ளையாக, கனமாக, கொஞ்சம் இனிப்பு வாடையோடு கலையாமல் நின்றால் கூலண்ட். அது வேறு கதை. ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று உடனே பாருங்கள்.

மலையடிவாரத்தில் காலை ஆறு மணிக்கு எல்லாக் காடியும் வெள்ளையாக ஆவி விடும். சூடேறியதும் அது போய்விடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் எக்ஸாஸ்ட் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தாளை அரை நிமிடம் பிடியுங்கள். தண்ணீர் காய்ந்துவிடும். ஆயில் என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகப் பளபளக்கும்.

கறுப்புப் புகையையும் சும்மா விடக் கூடாது. பெரிய இன்ஜெக்டர் போட்டு ட்யூன் செய்யாமல் ஓட்டினால் அதிகப்படி பெட்ரோல் போர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். புது ரிங் சுவரில் காய்ந்தபடி உரசும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் ட்யூனிங்கைச் சரிசெய்து ஆயிலை மாற்றுங்கள். அதுவரை கீழே உள்ள எந்தச் சோதனையும் நம்பத் தகாது.

3. பழைய எண்ணெயைக் கணக்கிலிருந்து கழியுங்கள்

நல்ல என்ஜினை வீணாக இறக்கச் செய்யும் பெரிய பொறி இதுதான். ஓவர்ஹாலுக்கு முன் அந்தக் காடி மாதக்கணக்கில் ஆயில் குடித்திருக்கும். அந்த ஆயில் மஃப்ளரின் பஞ்சில் ஊறிக் கிடக்கிறது. புது என்ஜினின் சூடு பட்டதும் அது புகையாக வரும். 30 நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஊறிய மஃப்ளர் நன்றாகச் சூடேறும்படி இரண்டு மூன்று நீண்ட ஓட்டம் ஓடினால்தான் காயும். சீக்கிரம் தெரிய வேண்டுமென்றால் மஃப்ளரைக் கழற்றிவிட்டு, உங்கள் இடத்துக்குள்ளேயே சில நிமிடம் ஓடவிட்டு டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) வாயைப் பாருங்கள். அங்கே புகை இல்லாமல் மஃப்ளர் மாட்டினால் மட்டும் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

இன்டர்கூலரும் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) அப்படியே. ஹாஃப்கட்டிலிருந்து எடுத்த இன்டர்கூலருக்குள் முந்தைய டர்போ கக்கிய ஆயில் தேங்கியிருக்கும். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் எரியும். கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பக் கொட்டி, ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரத்தோடு மாட்டி ஓட்டினால் மண்ணெண்ணெய் என்ஜினுக்குள் போகும், அது இன்னும் ஆபத்து.

பிறகு ஆயில் மட்டம். ஹாஃப்கட் என்ஜினில் சம்ப் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) ஒரு காடியினதாகவும் டிப்ஸ்டிக் இன்னொன்றினதாகவும் இருப்பது சகஜம். கோடு பொய் சொல்லும். ஆயில் அதிகமானால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கி, மூச்சுக்குழாய் (கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றும் ஹோஸ்) வழியே இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் வழி) அனுப்பும். சந்தேகம் இருந்தால் முழுதும் வடித்து, அளவு ஜாடியால் உங்கள் என்ஜினின் மேனுவல் சொல்லும் அளவை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் புதுக் கோடு கீறிக்கொள்ளுங்கள்.

4. எப்போது புகைகிறது என்று எழுதுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு நோட்டை டாஷ்போர்டில் வையுங்கள். பின்னால் இன்னொரு காடியில் நண்பர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வரட்டும். கண்ணாடியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வெயிலில் பாதி தெரியாது. கீழே உள்ள ஐந்து நிலைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இரவு முழுக்க நின்ற காடியின் முதல் ஸ்டார்ட். ஒரு பெரிய நீலக் கொத்து வந்து, அரை நிமிடத்தில் அடங்கினால் வால்வ் சீல் அல்லது கைடு. ராத்திரி முழுக்க ஆயில் வால்வ் தண்டு வழியே சொட்டி வால்வ் தலையில் நின்றிருக்கிறது.

ஐந்து நிமிடம் ஐடிலில் நின்று, பிறகு ஒரு மிதி. அப்போது மட்டும் கொத்தாக வந்தால் வால்வ் சீல், டர்போ இரண்டின் மேலும் சந்தேகம் வைக்கலாம்.

மூன்றாம் கியரில் நல்ல ஏற்றத்தில் அழுத்தி ஏறும்போது விடாமல் வந்தால் ரிங்கும் போரும்.

பூஸ்ட் ஏறிய பிறகு மட்டும் வந்தால் மூச்சுக்குழாய், பி.சி.வி. வால்வ் (அந்தக் குழாயில் உள்ள ஒருவழி வால்வ்), டர்போவின் கம்ப்ரெஸர் பக்கம் (காற்றை உள்ளே தள்ளும் பக்கம்), இந்த வரிசையில் பாருங்கள்.

இறக்கத்தில் கியரிலேயே காலை எடுத்து இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும் அந்த நொடி. கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவே மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் வரும் நீண்ட இறக்கம் இதற்கு ஏற்றது. த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக்கில் கடும் வெற்றிடம் உண்டாகி, தேய்ந்த கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். ஆனால் ஒன்று: அதே வெற்றிடம் பலவீனமான ஆயில் ரிங்கைத் தாண்டியும் ஆயிலை மேலே இழுக்கும். ஆகவே இறக்கத்துப் புகையோடு காலைக் கொத்தும் சேர்ந்து இருந்தால் சீல் என்று சொல்லுங்கள். காலையில் சுத்தமாக இருந்து இறக்கத்திலும் ஏற்றத்திலும் மட்டும் வந்தால் ஆயில் ரிங் பக்கம் திரும்புங்கள்.

5. மூச்சுக்குழாயைப் பிரித்துப் பாருங்கள்

பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடக்க வேண்டும். என்ஜின் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்டேக் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. டர்போ என்ஜினில் இது மூடாவிட்டால் பூஸ்ட் அழுத்தம் நேரே கிராங்க்கேஸுக்குள் இறங்கி ஆயிலை எல்லாத் திசையிலும் தள்ளும். டர்போ இல்லாத என்ஜினின் மலிவு வால்வைப் போட்டுவிட்டு, பிறகு என்ஜினைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்த சோதனைக்குச் செலவே இல்லை. வால்வ் கவரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் இரண்டு ஹோஸையும் இன்டேக் பக்கம் கழற்றுங்கள். இன்டேக் பக்கத் துளைகளை ரப்பர் மூடியால் இறுக்கி மூடுங்கள். ஹோஸ்களின் முனையை, மேலே காற்றுத் துளை போட்ட ஒரு பாட்டிலுக்குள் விட்டு நன்றாகக் கட்டுங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் என்ஜின் பக்கத்து மூச்சை அடைத்துவிடாதீர்கள், ஆயில் சீல் பிதுங்கிவிடும்.

புகை நின்று, பாட்டிலில் கஞ்சி மாதிரி சில துளிகள் மட்டும் இருந்தால் தவறு வால்விலோ ஹோஸ் வழியிலோ. நல்ல பி.சி.வி.யும் தடுப்புத் தட்டு உள்ள கேட்ச் கேனும் (ஆயிலைப் பிடிக்கும் டப்பா) போட்டால் முடிந்தது. புகை நின்று, பாட்டிலில் கால் குவளை ஆயில் சேர்ந்திருந்தால் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது, மூச்சுக்குழாய் அதைச் சுமந்து வருகிறது என்று அர்த்தம். புகை நிற்கவே இல்லையென்றால் அடுத்த படி.

6. டர்போ

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: டர்போவின் இரு முனையிலும் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு வளையம். ஆயில் தடையின்றிக் கீழே வடிந்தால்தான் அது தாங்கும். வடிகால் அடைத்தாலோ கிராங்க்கேஸில் அழுத்தம் நின்றாலோ புத்தம் புது டர்போவும் கக்கும். டர்போ மாற்றியும் புகை நிற்கவில்லை என்று புலம்புபவர்களில் பலர் வடிகாலைப் பார்க்காதவர்கள்.

வடிகால் ஹோஸ் தடிமனாக, மடிப்பில்லாமல், முழு நீளமும் கீழ்நோக்கியே சாய்ந்து போக வேண்டும். சம்ப்பில் அது நுழையும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஃப்ளாஞ்சைக் கழற்றிப் பாருங்கள். கேஸ்கெட்டுக்குப் பதில் தடவிய சிலிக்கான் உள்ளே பிதுங்கிப் பாதித் துளையை மூடியிருக்கும். விரல் நுனியளவு சிவப்புச் சிலிக்கான், அவ்வளவுதான். அதற்காக எத்தனை டர்போ குப்பைக்குப் போயிருக்கிறது! பால் பேரிங் டர்போ என்றால் ஆயில் வரும் குழாயில் ரெஸ்ட்ரிக்டர் (ஆயிலின் அளவைக் குறைக்கும் சிறு துளை) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு தண்டு. மேலும் கீழும் ஆட்டினால் லேசான ஆட்டம் இருக்கும், சாதாரண பேரிங்கில் அது இயல்பு. முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் கைக்குத் தெரியும்படி அசையக் கூடாது. டர்போவின் இறக்கை அதன் கூட்டின் சுவரைத் தொட்டிருந்தால் டர்போ முடிந்தது.

கடைசியாக, தீர்ப்பு சொல்லும் சோதனை. டவுன்பைப்பைக் கழற்றுங்கள், அதன் பிறகு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் கழற்றுங்கள். நான்கு போர்ட்டும் காய்ந்து, டர்பைன் வாயும் டவுன்பைப்பும் மட்டும் ஈரமாக இருந்தால் ஆயில் டர்போவிலிருந்து வருகிறது. ஒரே ஒரு போர்ட் ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர். நான்கும் ஈரம் என்றால் நான்குக்கும் பொதுவான ஒன்று: மூச்சுக்குழாய், டர்போவின் கம்ப்ரெஸர் பக்கம், ரிங் கோத்த விதம், ஹோனிங் (போர் சுவரில் கல்லால் குறுக்குக் கோடு போடும் வேலை). மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு இதைத் தொடங்குங்கள்.

7. பிளக்கும் கேமராவும்

நான்கு பிளக்கையும் எண் போட்டுக் கழற்றி வரிசையாக வையுங்கள். முனையில் கறுத்த எண்ணெய்ப் பிசுபிசுப்பு எதில் இருக்கிறதோ அது சந்தேக சிலிண்டர். திருகில் மட்டும் ஆயில் இருந்து முனை காய்ந்திருந்தால், வால்வ் கவரின் பிளக் குழி சீல் கசிகிறது. அது எரியும் ஆயில் அல்ல, சீல் மாற்றினால் போதும்.

கைப்பேசியில் மாட்டும் 5.5 மி.மீ. எண்டோஸ்கோப் கேமராவை இணையத்தில் சில பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கலாம். பிளக் துளை வழியே பிஸ்டன் தலையைப் பாருங்கள். நடுவே கரி படிந்து, ஓரம் முழுக்க வட்டமாகக் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தால் ரிங்கைத் தாண்டி ஆயில் ஏறுகிறது. ஓரம் ஒரு பக்கம் மட்டும், இன்டேக் வால்வுக்கு நேர் கீழே சுத்தமாக இருந்தால் மேலிருந்து ஒழுகுகிறது. சுவரில் ஹோனிங்கின் குறுக்குக் கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரி மின்னினால் கிளேஸ் ஆகிவிட்டது. நெட்டுக் கோடுகள் தெரிந்தால் ஏதோ துகள் உள்ளே இருந்து கீறியிருக்கிறது.

8. கம்ப்ரெஷன்: நல்ல எண் வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்

என்ஜின் சூடாக இருக்கட்டும். நான்கு பிளக்கும் வெளியே. இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டியுங்கள். பேட்டரி முழு சார்ஜ். ஒருவர் உள்ளே அமர்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். இதை மறந்தால் எல்லா எண்ணும் குறைவாக வரும். ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு கம்ப்ரெஷன் அடி, எல்லாவற்றுக்கும் அதே ஆறு. எண்ணை விட நான்குக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்துக்குள் நல்லது, 15-ஐத் தாண்டினால் அந்த சிலிண்டரில் குறை இருக்கிறது. குறைவாக வந்ததில் ஒரு தேக்கரண்டி, சுமார் 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் எகிறினால் ரிங், அசையாவிட்டால் வால்வ்.

இப்போது முக்கியமான விஷயம். கம்ப்ரெஷனைப் பிடிப்பது மேல் இரண்டு ரிங். ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவதான ஆயில் ரிங். ஆயில் ரிங் முற்றிலும் தவறாகக் கோக்கப்பட்டிருந்தாலும் கம்ப்ரெஷன் அழகாக வரும். இன்னும் சொன்னால், சுவரில் ஆயில் அதிகம் நிற்பதால் வழக்கத்தை விடச் சற்று கூடவே வரும். "கம்ப்ரெஷன் நாலும் சூப்பரா இருக்கு, ரிங்கில ஒண்ணும் இல்ல" என்று ஒருவர் சொன்னால் அவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். எண் நன்றாக வந்து, டர்போவும் மூச்சுக்குழாயும் சீலும் தப்பிவிட்டன, ஏற்றத்தில் புகை நிற்கவில்லை என்றால் ஆயில் ரிங் மேல்தான் என் முதல் சந்தேகம் விழும்.

லீக்டவுன் கருவியும் (சிலிண்டரிலிருந்து காற்று எவ்வளவு கசிகிறது என்று காட்டுவது) காற்றுக் கம்ப்ரெஸரும் கிடைத்தால் இன்னும் தெளிவு. பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, காற்று தள்ளும்போது என்ஜின் சுற்றிவிடாமல் பிடித்துக்கொண்டு 100 பி.எஸ்.ஐ. செலுத்துங்கள். நன்கு படிந்த புது என்ஜினில் இழப்பு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 20-ஐத் தாண்டினால் கவலைப்படலாம். ஆயில் மூடி வாயில் சீறினால் ரிங், எக்ஸாஸ்ட்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

9. எத்தனை கிலோமீட்டர் பொறுப்பது?

ரிங் தானாகச் சுவரில் படிவதில்லை. வெடிப்பின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தும்போதுதான் ஹோனிங் கோடுகளின் கூர்முனை தேய்ந்து இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அந்த முனைகள் இருப்பது முதல் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே. புது என்ஜின், பாவம் என்று வாசலில் மணிக்கணக்காக ஐடிலில் விடுவதும், நாற்பதில் உருட்டுவதும் அதைக் கெடுக்கும் வழிகள்.

மினரல் ஆயில், 15டபிள்யூ-40 போதும். முழு சிந்தெடிக் இப்போது வேண்டாம். ஸ்டார்ட் செய்து கசிவும் ஆயில் அழுத்தமும் பார்த்ததும் ரோட்டுக்குப் போங்கள். சூடேறியதும் மூன்றாம் கியரில் 2,500-லிருந்து 4,500 ஆர்.பி.எம். வரை அரை மிதிக்கு மேல் கொடுத்து ஏற்றி, காலை எடுத்து அதே கியரில் 2,500 வரை இறங்கவிடுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து முறை. பூஸ்ட் குறைவாகவே இருக்கட்டும். ஆளில்லாத நேரத்தில், நேரான தார் ரோட்டில் செய்யுங்கள். 50 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றம், பிறகு 500-இல், பிறகு 1,500-இல்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் இந்த நாட்களில் ஓட்டவே ஓட்டாதீர்கள். திறந்த ஏர் ஃபில்டர் போட்ட காடி லயத்து வாசலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் செம்பனை லாரி கிளப்பிய தூசியை விழுங்குகிறது. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் உங்கள் புது ரிங்கை அந்தத் தூசி உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

ஆயில் கணக்கு: வாரம் ஒருமுறை, அதே சமதள இடம், காலையில் குளிர்ந்த என்ஜின். குறைந்ததை அளவு ஜாடியால் ஊற்றி, மில்லியையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். எண் வாரத்துக்கு வாரம் இறங்கினால் பொறுங்கள். 500 கிலோமீட்டரில் தொடங்கியதற்கும் முடிந்ததற்கும் மாற்றமே இல்லையென்றால் மேலும் ஓட்டிப் பயனில்லை. 1,000 கிலோமீட்டருக்குப் பிறகும் லிட்டர் கணக்கில் குடித்தால் இறக்குங்கள். நாக்கிங் சத்தம், கேட்ச் கேன் நிரம்புதல், கம்ப்ரெஷன் இறங்கிக்கொண்டே போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 500 வரை காத்திருக்க வேண்டாம். அன்றே நிறுத்துங்கள்.

10. வால்வ் சீல் என்று முடிவானால்

ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. பிஸ்டனை டாப்பில் வைத்து, பிளக் துளை வழியே காற்று செலுத்தி வால்வ் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ரிங்கைக் கழற்றலாம். 16 சீல், பழகிய கைக்கு ஒரு நாள் வேலை. சீல் புதிதுதானே என்பீர்கள். வால்வ் தண்டில் உள்ள காட்டர் (ஸ்ப்ரிங்கைப் பூட்டும் ஆப்பு) பள்ளத்தின் கூர்விளிம்பு மேல் பிளாஸ்டிக் உறை போடாமல் தள்ளினால் புது சீலின் உதடு அங்கேயே கிழிந்துவிடும். சுத்தியலால் அளவுக்கு மீறி அடித்தாலும், உதட்டைச் சுற்றிய சின்ன ஸ்ப்ரிங் நழுவினாலும் அதே கதிதான். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் வேறு வேறு சீல் வரும் செட்டில் அவற்றை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கைடு தேய்ந்து தண்டு ஆடினால் எந்தச் சீலும் சில மாதத்துக்கு மேல் நிற்காது. அப்போது ஹெட் ஈப்போ போய்த்தான் ஆக வேண்டும்.

11. இறக்கியே தீர வேண்டும் என்றால்

பிரிக்கும்போது நீங்கள் கூட இருங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு பிஸ்டனும் வெளியே வந்ததும், ரிங்கைத் தொடும் முன் படம் எடுக்கச் சொல்லுங்கள். "ரிங் வாய்கள் ஒரே நேரில் நின்றன, அதுதான் காரணம்" என்று காட்டுவார்கள். ரிங் ஓடும்போது சுற்றும். அது மட்டும் சாட்சி ஆகாது. பார்க்க வேண்டியவை இவை.

ஆயில் ரிங்கின் நடுவே உள்ள அலை அலையான எக்ஸ்பாண்டர். அதன் இரு முனையும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் இறுக்கம் போய்விடும், ஆயில் அப்படியே மேலே போகும். சாயம் பூசிய இரு முனையும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் சரி, ஒரு சாயம் மறைந்திருந்தால் அதுதான் குற்றவாளி.

இரண்டாம் ரிங்கின் குறி மேல்நோக்கி இருக்கிறதா? தலைகீழாகப் போனால் அது ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும்.

ரிங் வாய் இடைவெளி. ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனால் சுமார் 25 மி.மீ. கீழே நேராகத் தள்ளி ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 81 மி.மீ. டர்போ போருக்கு மேல் ரிங் 0.41 முதல் 0.49 மி.மீ., இரண்டாவது அதை விடச் சற்று கூடுதல், ஆயில் ரிங் பட்டைகள் குறைந்தது 0.38 மி.மீ. ரிங் பெட்டித் தாள் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

போர். மேல், நடு, கீழ் மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளவு. வித்தியாசம் 0.02 மி.மீ.க்கு மேல் போனால் ரீபோர் சரியில்லை. சாதா வார்ப்புப் பிஸ்டனுக்கு விடும் 0.02 முதல் 0.04 மி.மீ. இடைவெளியை ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு விட்டால் சூட்டில் கடித்துக் கீறிவிடும். அதற்கு 0.07 முதல் 0.10 மி.மீ. வரை கேட்கும்.

சுத்தம். ரீபோர் முடிந்த பிளாக்கைப் பெட்ரோலில் மட்டும் துடைத்தால் ஹோனிங் கல்லின் தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். பிறகு ஆயிலில் நனைத்த வெள்ளைத் துணி சாம்பல் நிறம் ஆகாமல் வரும்வரை துடைக்க வேண்டும். மறுபடி கோக்கும் அன்று இதை நீங்களே செய்யுங்கள்.

சுவர் வெறுமனே கிளேஸ் ஆகியிருந்து அளவு சரியாக இருந்தால் மறுபடி ரீபோர் வேண்டாம். லேசான ஹோனிங்கும் ஒரு செட் ரிங்கும் போதும்.

12. செலவும் நாளும்

3-ஆம் படி முதல் 8 வரை மண்ணெண்ணெய், ஆயில், கேஸ்கெட், கேமரா, கம்ப்ரெஷன் கேஜ் எல்லாம் சேர்த்துச் சில நூறு வெள்ளிக்குள் அடங்கும். கேஜை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் குறையும். வேலைக்குப் போகிறவர் என்றால் இரண்டு வார இறுதி. வால்வ் சீல் இன்னொரு சில நூறு. என்ஜினை இறக்கி ஏற்றுவது ஆயிரக்கணக்கில் போகும். ரீபோர் கடையில் வரிசை, ரிங் வரும் நாள் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வாரமாவது காடி இல்லாமல் இருக்கத் தயாராகுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் கொடுத்தால் இன்னும் இழுக்கும்.

கடைக்காரரிடம் போகும்போது குரலை உயர்த்தாமல் கோப்பைத் திறந்து வையுங்கள். "அண்ணே, நீங்க எழுதிக் கொடுத்த அளவு இது, இப்ப அளந்தது இது" என்று இரண்டு எண்ணை அருகருகே காட்டினால் பேச்சு வேறு மாதிரிப் போகும். குறை அவர் பக்கம் என்றால் ஹோனிங்கோ கூலியோ யார் பொறுப்பு என்பதை அங்கேயே ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பிளாக்கே வீண், வேறு பிளாக் போடலாம் என்று சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிளாக் மாறினால் என்ஜின் எண் மாறும், கிராண்டில் (காடியின் பதிவுச் சான்றில்) உள்ள எண்ணோடு பொருந்தாது. வாங்கும் கடையில் அந்த எண் எழுதிய முறையான ரசீது கேளுங்கள். புஸ்பாகோம் வாகனச் சோதனையும் ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு மாற்றமும் முடித்து, இன்சூரன்ஸுக்கும் தெரிவித்த பிறகு ரோட்டில் ஓட்டுங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த பிளாக்கை வாங்காதீர்கள்.